பம்பாயில் புகலிடம் பெற்ற திரைக்கதை ஆசிரியர்

நுழையும் முன்

திரைப்படமும் வானொலியும் நம் அன்றாட வாழ்வோடு கலந்துவிட்டவை. இந்தியாவில் இவ்விரண்டும் வளரத் தொடங்கிய காலத்தில், இனப்பகையால் தாய்நாட்டை இழந்து இங்கு வந்து சேர்ந்த யூதக் கலைஞர் சிலரின் உழைப்பும் அவற்றில் சேர்ந்தது. அவர்களுள் ஒருவரான வில்லி ஹாஸ் என்பாரின் வாழ்க்கையை இப்பாடம் விளக்குகிறது.

யூதரும் கேரளமும்

பாலக்காடு, இடுக்கி மாவட்ட மாணவர்கள் கல்விச் சுற்றுலாவாகக் கொச்சிக்குச் செல்லும்போது மட்டாஞ்சேரியில் பழமையான தொழுகைக்கூடம் ஒன்றைக் காண்பர். 1568ஆம் ஆண்டில் யூதர்கள் எழுப்பிய கட்டடம் அது. யூதர் கேரளத்துக்கு வந்தது அதற்கும் நெடுங்காலம் முன்பு. ஏறத்தாழக் கி.பி. 1000ஆம் ஆண்டில், சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன் யூத வணிகர் தலைவரான ஜோசப் ரப்பானுக்குச் செப்பேடு ஒன்றை வழங்கினான். அதில் அவர் பெயர் இஸ்ஸுப்பு இரப்பான் என்று வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. பல்லக்கில் செல்லுதல், குடை பிடித்தல், பகல்விளக்கு ஏந்துதல் முதலான சிறப்புரிமைகளை அச்செப்பேடு அவருக்கும் அவர் வழியினர்க்கும் அளித்தது. வேற்றுச் சமயத்தவர் ஒருவர்க்கு மன்னன் அளித்த இம்மதிப்பைப் பிற்கால ஐரோப்பாவின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும்.

இருபதாம் நூற்றாண்டின் ஜெர்மனியில் யூதர்கள் மருத்துவராகவும் அறிவியலாளராகவும் இசைவாணராகவும் பெருஞ்சிறப்புற்றிருந்தனர். 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அதன்பின் சில மாதங்களுக்குள்ளாகவே அவர்களை வேலையிலிருந்து நீக்கும் முறை தொடங்கிற்று. 1935இல் இயற்றப்பட்ட நியூரம்பர்க் சட்டங்கள் யூதரின் குடியுரிமையையே பறித்தன. இவற்றின் முடிவாக, 1945க்குள் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்கள் கொல்லப்பட்டனர்.

பிராகாவிலிருந்து பெர்லினுக்கு

வில்லி ஹாஸ் 1891 ஜூன் 7 அன்று பிராகா நகரில் பிறந்தார். இன்று செக் நாட்டின் தலைநகராக விளங்கும் அந்நகர் அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. நகர மக்களுள் பெரும்பாலோர் பேசியது செக் மொழி. ஹாஸ் குடும்பத்தினரோ ஜெர்மன் பேசிய யூதர்கள். மலையாளம் வழங்கும் ஊரில் தமிழை வீட்டுமொழியாகக் கொண்டு வாழும் மாணவர்க்கு இத்தகைய இருமொழிச் சூழலை விளக்க வேண்டியதில்லை. அவ்வாறு ஜெர்மன் பேசிய பிராகா யூதருள் உலகப் புகழ் பெற்றவர் எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா. ஹாஸ் அவரினும் எட்டு ஆண்டு இளையவர். அந்நகர எழுத்தாளர் வட்டத்தில் இளமையிலேயே பழகி, இருபது வயதளவில் இலக்கிய இதழ் ஒன்றன் ஆசிரியப் பணியிலும் பங்கு கொண்டார்.

முதல் உலகப் போருக்குப் பின் ஹாஸ் பெர்லின் சென்றார். திரைப்பட நாளிதழ் ஒன்றில் திறனாய்வு எழுதினார். பின்னர்த் திரைக்கதை எழுதுவதில் ஈடுபட்டார். அக்காலத்துப் படங்கள் ஊமைப்படங்கள். உரையாடல் கேட்காத படத்திற்கு எழுத்தாளர் எதற்கு என்று தோன்றலாம். உண்மையில் ஊமைப்படத்தில்தான் திரைக்கதை ஆசிரியரின் பொறுப்பு மிகுதி. பாத்திரத்தின் உள்ளத்தைச் சொல்லால் அன்றிச் செயலாலும் காட்சி வரிசையாலும் புலப்படுத்தும் வழியை அவரே வகுத்தாக வேண்டும்.

அவ்வகையில் ஹாஸுக்குப் பெயர் தேடித்தந்த படம் 'மகிழ்ச்சியற்ற தெரு' என்று பொருள்படும் தலைப்புடையது. ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட் இயக்கத்தில் 1925இல் வெளிவந்தது. போரில் தோற்ற வியன்னா நகரில் பணத்தின் மதிப்பு நாள்தோறும் சரிகிறது. இறைச்சிக் கடை வாயிலில் ஏழைகள் இரவெல்லாம் வரிசையில் நிற்கின்றனர். அதே தெருவில் செல்வர்களின் கேளிக்கை தடையின்றி நடைபெறுகிறது. பசி ஒரு குடும்பத்தின் மானத்தை எவ்வாறு விலைகூறச் செய்கிறது என்பதே கதை. பின்னாளில் உலகப் பெரும்நடிகையாகத் திகழ்ந்த கிரேட்டா கார்போ அப்போது இருபது வயதும் நிரம்பாதவராக இதில் நடித்தார்.

இப்படத்தின் மூலக்கதையை எழுதியவர் ஹியூகோ பெட்டாயர் என்னும் வியன்னா எழுத்தாளர். யூதக் குடும்பத்தில் பிறந்தவர். படம் திரைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன், 1925 மார்ச்சில், நாஜிக் கருத்துகளில் ஊறிய இளைஞன் ஒருவன் அவரது அலுவலகத்தினுள் புகுந்து அவரைச் சுட்டான். அக்காயத்தால் அம்மாதமே அவர் இறந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வர அப்போது இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. எழுத்துக்கு எதிரான அப்பகை ஆட்சிக்கு வருமுன்பே ஆயுதம் ஏந்திவிட்டது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

அதே 1925இல் ஹாஸ், பதிப்பாளர் எர்ன்ஸ்ட் ரோவோல்ட்டின் துணையோடு 'இலக்கிய உலகம்' என்னும் பொருள்படும் வார இதழைத் தொடங்கினார். வால்டர் பெஞ்சமின் போன்ற சிந்தனையாளர்கள் அதில் தொடர்ந்து எழுதினர். ஜெர்மன் மொழியில் யார் என்ன எழுதுகின்றனர் என்பதை அறிய விரும்பியோர் நாடிய இதழ் அது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஹாஸ் அதனை நடத்தினார்.

1933

நாஜி அரசின் பரப்புரை அமைச்சர் கோயபெல்ஸ் திரைப்படத்தின் ஆற்றலை நன்கு அறிந்தவர். 1933 மார்ச் 28 அன்று திரைத்துறையினரைக் கூட்டி, இனி அத்துறை எத்திசையில் செல்ல வேண்டும் என்று உரையாற்றினார். மறுநாளே உஃபா எனப்பட்ட மாபெரும் படநிறுவனம் தன் யூத ஊழியர்களை நீக்க முடிவு செய்தது. இதற்கென ஒரு சட்டம் அப்போது இயற்றப்படவில்லை. நிறுவனம் தானாகவே முன்வந்து செய்த காரியம் இது.

அவ்வாறு ஒப்பந்தம் முறிக்கப்பட்டவர்களுள் தலையானவர் எரிக் பொம்மர். 'டாக்டர் கலிகாரி', 'மெட்ரோபொலிஸ்', 'நீல தேவதை' ஆகிய புகழ்பெற்ற படங்களின் தயாரிப்பாளர் அவர். ஜெர்மானியத் திரைப்படத்தை உலகம் அறியச் செய்தவரை அந்நாட்டின் திரையுலகமே வெளியேற்றிற்று. பொம்மர் பாரிஸ் வழியாக அமெரிக்கா சேர்ந்து உயிர் பிழைத்தார். 'நீல தேவதை' படத்தில் மந்திரவாதியாக நடித்த கூர்ட் கெரோன் அத்தகு நற்பேறு பெறவில்லை. அவர் அடைக்கலம் புகுந்த நெதர்லாந்தும் ஜெர்மானியர் வசமாயிற்று. தெரேசியன்ஸ்டாட் முகாமில் அடைக்கப்பட்ட அவரை, அங்கு யூதர் இன்பமாக வாழ்வதாகக் காட்டும் பொய்ப்படம் ஒன்றை இயக்குமாறு நாஜிகள் கட்டாயப்படுத்தினர். படப்பிடிப்பு முடிந்தபின், 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பி அவரைக் கொன்றனர்.

ஹாஸும் தம் இதழைக் கைவிட்டுத் தம் பிறந்த ஊராகிய பிராகாவுக்குத் திரும்ப நேர்ந்தது. செக்கோஸ்லோவாக்கியா அப்போது மக்களாட்சி நாடு. ஜெர்மனியிலிருந்து தப்பிய எழுத்தாளர் பலர் அங்குக் கூடினர். அங்கும் ஓர் இதழைத் தொடங்கினார். அது நெடுநாள் நீடிக்கவில்லை. 1939 மார்ச் 15 அன்று ஜெர்மானியப் படை பிராகாவுக்குள் நுழைந்தது. இம்முறை பின்வாங்குவதற்கு வேறொரு தாயகம் இல்லை.

ஒரு வேலையின் மதிப்பு

நாட்டை விட்டு வெளியேறுதல் மட்டும் அகதியைக் காப்பாற்றாது. மற்றொரு நாடு அவரை உள்ளே விட வேண்டும். 1938, 1939ஆம் ஆண்டுகளில் அதுவே பெருந்தடையாக இருந்தது. பல நாடுகள் கதவை அடைத்துக்கொண்டன. இந்தியாவை ஆண்ட பிரித்தானிய அரசும் தாராளமாக நடந்துகொள்ளவில்லை. வந்து சேர்பவருக்கு இங்கு வேலை உறுதியாக இருக்க வேண்டும். அல்லது அவரது பராமரிப்புக்கு யாரேனும் பொறுப்பேற்க வேண்டும். இன்றேல் விசா கிடைத்தல் அரிது. பம்பாயில் 1934இல் தொடங்கப்பட்ட யூத நிவாரணச் சங்கம் பலர்க்கு இப்பொறுப்பை ஏற்றது. அகதிகளாக வரும் மருத்துவர், பொறியாளர் முதலான வல்லுநர்களை இந்தியா வரவேற்க வேண்டும் என்று ஜவாஹர்லால் நேரு வலியுறுத்தினார். காங்கிரசுக்குள் இதுபற்றிக் கருத்து வேறுபாடும் இருந்தது. போர்க்காலம் வரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யூத அகதிகள் இந்தியாவை அடைந்தனர். தேவையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண்ணிக்கையே.

இந்நிலையில் இந்தியாவில் ஒருவர்க்குக் கிடைக்கும் வேலை என்பது ஊதியம் மட்டும் அன்று, உயிருக்கே ஈடு. ஹாஸுக்கு வேலை அளித்தது பம்பாயின் பவ்நானி படநிறுவனம்.

மோகன் பவ்நானி மேலைநாட்டில் கல்வி பெற்றவர். ஜெர்மனியில் படத்தயாரிப்புப் பயின்றவர். எழுத்தாளர்களைத் திரைக்கு அழைத்து வருவதில் ஆர்வம் மிக்கவர். இந்தி எழுத்துலகின் பேராசான் பிரேம்சந்த் எழுதி, ஆலைத் தொழிலாளர் துயரைக் காட்டிய 'மஜ்தூர்' படத்தை 1934இல் இயக்கியவர் அவரே. ஆலை முதலாளிகள் நிறைந்த பம்பாயில் அப்படம் தடை செய்யப்பட்டது. இசையமைப்பாளர் நௌஷாத் தனித்துப் பொறுப்பேற்ற முதற்படமான 'பிரேம் நகர்' (1940) இவர் உருவாக்கியதே. பெர்லினின் பசித்த தெருக்களை எழுதிய ஹாஸும் ஆலைத் தொழிலாளரைப் படமாக்கிய பவ்நானியும் ஓரிடத்தில் சேர்ந்ததில் ஒரு பொருத்தம் இருக்கவே செய்கிறது. (அந்தத் தெரு கதைப்படி வியன்னாவைச் சேர்ந்தது, எனினும் படம் எடுக்கப்பட்டது பெர்லினில்தான்.)

பம்பாயில் ஹாஸுக்கு முன்பே வந்து நிலைபெற்றிருந்தார் மற்றொரு யூதக் கலைஞர். அவர் வால்டர் கௌஃப்மன். 1907இல் கார்ல்ஸ்பாட் நகரில் பிறந்த இசைவாணர். பிராகாப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வை முடித்தவர். தம் பேராசிரியருள் ஒருவர் உள்ளூர் நாஜி இளைஞர் அமைப்பின் தலைவர் என்று அறிந்ததும், அப்பட்டமே வேண்டா என்று மறுத்துவிட்டார். 1934இல் பம்பாய் வந்தார். மேலையிசை பயின்றவராதலின் இந்திய இசை முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்காததை இகழ்ந்து ஒதுக்காமல், விளங்கும்வரை கற்பதென்று முடிவு செய்தார். 1937 முதல் 1946 வரை அகில இந்திய வானொலியின் பம்பாய் நிலையத்தில் மேலையிசைப் பிரிவை நடத்தினார். பவ்நானியின் படங்களுக்கும் இசையமைத்தார். தம்புரா ஒலியின் மேல் வயலின் இழையும் வானொலியின் தொடக்க இசையை உருவாக்கியவர் இவரே என்பர். சிவரஞ்சனி இராகத்தைத் தழுவிய அவ்விசையைக் கேட்டே தேவிகுளத்திலும் சித்தூரிலும் பல தலைமுறைகள் விடியலை அறிந்தன. அதன் பின்னணியில் நாடிழந்த ஒருவர் இருப்பது அவர்களுள் பலர்க்குத் தெரிந்திராது. பிற்காலத்தில் அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த கௌஃப்மன், வட இந்திய இராகங்களைப் பற்றியும் (1968) தென்னிந்திய இராகங்களைப் பற்றியும் (1976) விரிவான ஆய்வு நூல்களை வெளியிட்டார்.

மொழி இழந்த எழுத்தாளர்

இசைவாணர்க்கும் எழுத்தாளர்க்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. கௌஃப்மன் தம் கருவியைப் பம்பாய்க்குக் கொண்டுவர முடிந்தது. ஹாஸின் கருவி ஜெர்மன் மொழி. அதைப் படிப்போர் பம்பாயில் மிகச் சிலரே. வந்திறங்கியபோது அவர் இந்தி அறியார்.

ஊமைப்படக் காலமாயின் இது பெரிய இடராகியிராது. 1931இல் 'ஆலம் ஆரா', 'காளிதாஸ்' ஆகிய படங்கள் வெளிவந்தபின் இந்தியத் திரைப்படம் பேசத் தொடங்கிவிட்டது. பேசத் தொடங்கியதும் அது மொழிக்குக் கட்டுப்பட்டது. எனினும் ஊமைப்படக் காலத்தில் தேர்ந்த கைக்குக் காட்சியமைப்பு என்னும் மொழி தெரியும். கதையை எங்குத் தொடங்குவது, எவ்விடத்தில் திருப்புவது, எதனைச் சொல்லாமல் விடுவது என்பன எல்லா மொழிக்கும் பொது. உரையாடலை மற்றவர் எழுதிக்கொள்ளலாம். தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. தமிழே அறியாத அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன் 'சதிலீலாவதி' (1936) தொடங்கி 'மீரா' (1945) வரை சிறந்த தமிழ்ப்படங்களை இயக்கினார். பாலக்காட்டுக்குக் கிழக்கே, தொடர்வண்டி வழியில் உள்ள சேலத்தில், மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'பாலன்' (1938) மலையாளத்தின் முதல் பேசும் படம். அதற்கு ஒளிப்பதிவு செய்தவரும் ஜெர்மானியரே.

ஒரு நகரில் இருவகை ஜெர்மானியர்

பம்பாயில் இருந்த ஜெர்மானியர் அனைவரும் அகதிகள் அல்லர். மலாட் பகுதியில் ஹிமான்ஷு ராய் நிறுவிய பம்பாய் டாக்கீஸில் மியூனிக் நகரத்து இயக்குநர் ஃபிரான்ஸ் ஆஸ்டன் பணியாற்றினார். தீண்டாமையின் கொடுமையைக் காட்டிய 'அச்சுத் கன்யா' (1936) அவர் இயக்கியது. அதே 1936இல் அவர் நாஜிக் கட்சியில் உறுப்பினரானார். சாதியின் பெயரால் மனிதரை விலக்குதல் தீது என்று படமெடுத்தவர், இனத்தின் பெயரால் மனிதரை விலக்கிய கட்சியில் சேர்ந்தார். இம்முரணை எளிதில் விளக்கிவிட முடியாது.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. பிரித்தானிய அரசு இந்தியாவில் இருந்த ஜெர்மானியரைப் பகைநாட்டவர் என்று பிடித்துத் தடுப்பு முகாம்களில் வைத்தது. ஆஸ்டன் கைதானார். அவருடைய ஒளிப்பதிவாளர் யோசப் விர்ஷிங்கும் அடைக்கப்பட்டார். போருக்குப் பின் இந்தியாவிலேயே தொடர்ந்து பணியாற்றி 'மஹல்', 'பாகீஜா' ஆகிய படங்களுக்கு ஒளியூட்டினார். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர்களுள்ளும் பலர் ஜெர்மானியக் குடிமக்கள் என்ற காரணத்தால் முதலில் அம்முகாம்களுக்கே அனுப்பப்பட்டனர். விசாரணைக்குப் பின்னரே அவர்களை விடுவித்தனர். துரத்தியவரும் துரத்தப்பட்டவரும் ஒரே வேலிக்குள் நின்ற காலம் அது.

ஹாஸ் பின்னர்ப் பிரித்தானிய இந்தியப் படையில் தணிக்கையாளராகப் பணி ஏற்றார். பெர்லினில் எழுத்தைத் தேடித் தேடி அச்சிட்டவருக்குப் பிறர் எழுத்தைச் சோதிப்பது வேலையாயிற்று. போர் முடியும்வரையும், அதன் பின்னரும் 1947 வரையும் அவர் இந்தியாவிலேயே வாழ்ந்தார்.

ஒப்படைக்கப்பட்ட கடிதங்கள்

ஹாஸின் வாழ்க்கையில் மற்றொரு நிகழ்ச்சி தனித்துச் சொல்லத்தக்கது. பிராகாவில் மிலெனா யெசன்ஸ்கா என்னும் செக் இதழாளர் இருந்தார். காஃப்காவின் கதைகளை முதன்முதலில் செக் மொழியில் பெயர்த்தவர் அவர். அப்பணி குறித்து 1920இல் தொடங்கிய கடிதத் தொடர்பு இருவர்க்குமிடையே ஆழ்ந்த அன்பாக வளர்ந்தது. காஃப்கா 1924இல் மறைந்தார். அவர் எழுதிய கடிதங்களை மிலெனா பாதுகாத்து வைத்திருந்தார்.

1939இல் ஜெர்மானியப் படை நுழைந்ததும் அக்கடிதங்களை மிலெனா வில்லி ஹாஸிடம் ஒப்படைத்தார். யூதர் ஒருவர் எழுதிய கடிதக் கட்டு மிலெனாவின் வீட்டில் இருப்பது ஆபத்து. ஹாஸிடம் இருப்பதும் ஆபத்தே. ஆதலின் அவர் அவற்றைத் தம்முடன் இந்தியாவுக்குக் கொண்டுவராமல் பிராகாவில் இருந்த உறவினரிடம் விட்டு வந்தார். மிலெனா தாம் யூதர் அல்லர் எனினும் தப்பியோடாமல் அங்கேயே தங்கி, யூதரும் பிறரும் எல்லை கடக்க உதவினார். 1939 நவம்பரில் கைது செய்யப்பட்டார். 1944 மே 17 அன்று ராவன்ஸ்புரூக் முகாமில் இறந்தார். காஃப்காவின் தங்கையர் மூவரையும் நாஜிகள் கொன்றனர். அவர்களுள் மூத்தவரான எல்லியின் மகள் கெர்ட்டி உயிர் தப்பினார். அவரே வால்டர் கௌஃப்மனின் மனைவி.

கடிதங்கள் அழியவில்லை. போர் முடிந்தபின் ஹாஸ் அவற்றைத் திரும்பப் பெற்றார். 1947இல் இலண்டன் சென்ற அவர், அடுத்த ஆண்டு ஹாம்பர்க் நகரில் 'டி வெல்ட்' நாளிதழில் சேர்ந்தார். தம்மைத் துரத்திய நாட்டுக்குத் திரும்ப மறுத்த யூத எழுத்தாளர் பலர். அவர்கள் மறுத்ததில் நியாயம் உண்டு. ஹாஸ் திரும்பியதற்கும், அவர் வாழ்ந்த மொழி அங்குத்தான் இருந்தது என்னும் காரணத்தைக் கருதலாம். 'கலிபான்' என்ற புனைபெயரில் அவர் எழுதிய பத்திகளை வாசகர் பெரிதும் விரும்பினர்.

1952இல் 'மிலெனாவுக்குக் கடிதங்கள்' என்ற நூலை ஹாஸ் பதிப்பித்தார். அக்கடிதங்களில் குறிப்பிடப்பட்டோருள் சிலர் அப்போது உயிருடன் இருந்தமையால், அவர்கள் மனம் புண்படாதவாறு சில பகுதிகளை நீக்கினார். இச்செயலைக் குறைகூறியோரும் உண்டு. 1957இல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். அதற்குத் தம் பழைய வார இதழின் பெயரையே இட்டார். 1973 செப்டம்பர் 4 அன்று ஹாம்பர்க்கில் காலமானார். அவர் நீக்கிய பகுதிகளையும் சேர்த்த முழுமையான கடிதப் பதிப்பு 1983இல் வெளிவந்தது.